சேரியில் இருந்தே தலைவர் வரட்டும் என்ற ஆசிரியர்

பட்டுச் சேலைக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரத்துக்கு 1939-ல் 29 வயது ஆங்கிலேயர் ஒருவர் மனைவியோடு குடிவந்தார். பெயர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து திருச்சபை அனுப்பிய மிஷனரி. 1946 வரை ஏழு ஆண்டுகள் இந்த ஊரில் இருந்தார். பிறகு மதுரையிலும் சென்னையிலும் பேராயர் ஆனார். உலகெங்கும் வாசிக்கப்படும் கிறித்தவ எழுத்தாளராகவும் ஆனார். ஆனால் இந்தப் பத்தியில் நாம் அவரை நினைப்பது வேறு காரணத்துக்காக. காஞ்சி வட்டாரத்துச் சேரிகளில் பாடம் சொன்ன ஆசிரியராக, எளிய மனிதர்களைத் தலைவர்களாகத் தயார் செய்த பயிற்சியாளராக அவரைப் பார்க்கிறோம்.

மதம் பரப்ப வந்த வெள்ளைக்காரரைப் பற்றித் தலித் மக்களுக்கான பத்தியில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் எந்தச் சாமியைக் கும்பிடச் சொன்னார் என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. நமக்கு முக்கியமானது, 'இந்த மக்களுக்கு வெளியிலிருந்து ஒரு எஜமான் வேண்டியதில்லை, இவர்களுக்குள்ளேயே தலைவர் இருக்கிறார்' என்று அவர் நம்பியதும், அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டியதும்தான். சேரி மக்களுக்காகப் பேச எத்தனையோ பேர் வருகிறார்கள். சேரி மக்கள் பேசட்டும் என்று விலகி நிற்பவர்கள் குறைவு.

பெஞ்சில் தொடங்கிய சண்டை

நியூபிகின் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து கதையைத் தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன், 1837 ஏப்ரல் 3-ம் தேதி சென்னை ஆர்மீனியன் தெருவில் 59 மாணவர்களோடு ஒரு பள்ளியைத் திறந்தார். இன்றைய சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு அதுதான் விதை. மறு ஆண்டே சிக்கல் வந்தது. பறையர் சிறுவர்கள் சிலர் அங்கே படிக்கிறார்கள் என்ற செய்தி வெளியே தெரிந்தது. அவர்களை வெளியே அனுப்பு, இல்லையென்றால் தனி பெஞ்சிலாவது உட்கார வை என்று மற்ற சாதி மாணவர்களின் தரப்பு கேட்டது. ஆண்டர்சன் இரண்டுக்கும் மறுத்துவிட்டார். மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பள்ளியே மூடிப்போகும் என்ற நிலை வந்தும் அவர் இறங்கி வரவில்லை. போனவர்களில் பலர் பிறகு திரும்பி வந்தார்கள்.

அந்தச் சண்டைக்கு அடுத்த ஆண்டு, 1839-ல், காஞ்சிபுரத்தில் கிளைப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆண்டர்சன் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நம் ஊரில் இருக்கிறது. 'தனி பெஞ்சு கிடையாது' என்று ஒரு ஆசிரியர் நின்றதன் நினைவும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது என்பதை அங்கே படிக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன் பிறகு தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும், பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்பதும் 2024-ல் அந்தக் குழு சொன்ன பரிந்துரைகளில் அடங்கும். 1838-ல் பெஞ்சைப் பிரிக்கச் சொன்னார்கள். இன்று மணிக்கட்டில் நிறம் பார்க்கிறார்கள்.

சட்டம் வந்தது, தெரு திறக்கவில்லை

அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் காஞ்சிபுரமும் அடக்கம். இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891-ல் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நில ஆணைக்கு வழி திறந்தது. ஆணை 1892-ல் வந்தது. அதே காலத்தில் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் நிலத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். இதே ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அரசு அறிவித்தது.

அறிவிப்பு வந்ததே தவிர, ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கும் நாள் உடனே வந்துவிடவில்லை. நியூபிகின் காஞ்சிபுரத்துக்கு வந்த அதே 1939-ல்தான் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல்தான் முழுமையாக வந்தது. ஆக, அவர் இங்கே இருந்த காலம், கோயில் நகரத்தில் சேரி மக்கள் கோயிலுக்கு வெளியே நின்ற காலம்.

பள்ளிக்கூடமும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. பண்ணையில் அப்பன் படியாளாக இருந்தால் மகன் மாடு மேய்க்கப் போக வேண்டும். தறி இருக்கும் ஊர்களில் இன்னொரு தடை. காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். அதை நெய்ய நெசவாளர் ஒருவர் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரைக்கு நாடா எறிய இன்னொரு கை வேண்டும். பல காலமாக அந்தக் கை சிறுவர்களின் கையாகவே இருந்தது. கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளை என்றால் தறியை விட்டு எழவே முடியாது.

இந்த நிலையில் சேரிக்குள் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஓர் ஓலைக் கொட்டகைதான். வார நாட்களில் அங்கே அ, ஆ சொல்லிக்கொடுத்த வாத்தியாரே ஞாயிற்றுக்கிழமை உபதேசியார். பிரசவமா, பஞ்சாயத்தா, போலீஸ் ஸ்டேஷனுக்கு மனுவா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருவார்கள். மிஷன் காலத்தின் உண்மையான முதுகெலும்பு இந்த வாத்தியார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் வெள்ளைக்காரர்களின் பெயர் இருக்கிறது; இவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை.

சுரங்கத் தொழிலாளர்களிடம் கற்றவர்

நியூபிகின் 1909 டிசம்பர் 8-ம் தேதி இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். அப்பா கப்பல் வணிகர். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்தார். மாணவராக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில், தென் வேல்ஸ் பகுதியில் வேலையிழந்து கிடந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முகாமில் தொண்டு செய்யப் போனார். வேலையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்ற அந்த மனிதர்களின் நடுவில்தான் தனக்குக் கடவுள் நம்பிக்கை பிறந்தது என்று பின்னாளில் எழுதினார். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் மாதா கோயிலில் நிகழவில்லை, தொழிலாளர் முகாமில் நிகழ்ந்தது.

பிறகு கிளாஸ்கோவில் கிறித்தவ மாணவர் இயக்கத்தில் வேலை செய்தார். அங்கேதான் ஹெலனைச் சந்தித்தார். 1936-ல் குருவாக அபிஷேகம் பெற்று, திருமணமும் முடித்து, அதே ஆண்டு சென்னை வந்து இறங்கினார். தமிழ் படித்துக்கொண்டிருந்தபோதே பேருந்து விபத்தில் கால் மோசமாக முறிந்தது. சிகிச்சைக்காக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. காலே போய்விடுமோ என்ற நிலையிலிருந்து மீண்டு, 1939-ல் திரும்ப வந்தார். இந்த முறை வந்த இடம்தான் காஞ்சிபுரம்.

இந்தியா வந்த தொடக்கத்திலேயே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. மிஷனரிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையிலான உறவு, துரைக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவுபோல இருந்தது. சம்பளம் கொடுப்பவர் மிஷனரி, உத்தரவு போடுபவர் மிஷனரி, மாற்றல் கொடுப்பவரும் மிஷனரி. இப்படி இருந்தால் இது எப்படி இந்த மண்ணின் சபையாகும் என்று கேட்டார். வெளிநாட்டு மிஷனரி நிர்வாகியாக நாற்காலியில் இருக்கக் கூடாது, உள்ளூர்க்காரர்களின் கீழ் ஆசிரியராகவும் உடன் ஊழியராகவும் இருக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் இருந்த காலத்திலேயே வாதாடினார்.

மடத்தின் தரை, சேரியின் தரை

காஞ்சிபுரத்தில் அவர் தமிழை நன்றாகக் கற்றார். அங்கிருந்த ராமகிருஷ்ண மிஷனுக்கு வாரம்தோறும் போவார். இந்து அறிஞர்களோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு முறை உபநிடதம், மறு முறை யோவான் நற்செய்தி என்று மாற்றி மாற்றி வாசித்து விவாதிப்பார்கள். ஒருவர் நூலை மற்றவர் மரியாதையோடு கேட்பது என்ற பழக்கத்தை அந்த ஊர் அவருக்குக் கொடுத்தது. தன் கருத்தை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. அவர்களும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனாலும் அடுத்த வாரம் மீண்டும் கூடினார்கள்.

மற்ற நாட்களில் அவர் அமர்ந்தது கிராமத்துச் சபைகளின் தரையில். அங்கே உபநிடதம் படித்தவர்கள் இல்லை. பலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். கூலி வேலை முடிந்து, கஞ்சி குடித்து, இருட்டிய பிறகுதான் கூடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பாடம் சொல்வது எப்படி? கதையாகச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும், மறுநாள் அவரையே இன்னொருவருக்குச் சொல்ல வைக்க வேண்டும். நல்ல விளையாட்டுப் பயிற்சியாளர் செய்வதும் இதைத்தான். பந்தைத் தானே உதைத்துக் காட்டிக்கொண்டிருந்தால் ஆட்டக்காரன் உருவாக மாட்டான்.

படிப்பில்லாதவனுக்கு அறிவில்லை என்ற எண்ணம் சாதியோடு சேர்ந்து வந்த எண்ணம். எழுத்தை ஒரு சிலருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு எழுத்தில்லாதவனை மட்டம் தட்டுவது அதன் தந்திரம். அந்தத் தந்திரத்துக்குப் பலியாகாமல், கேட்டுக் கற்கும் மனிதரிடமும் தலைவருக்குரிய குணம் இருக்கிறது என்று பார்த்ததுதான் நியூபிகினின் சிறப்பு.

சம்பளமில்லாத தலைவர்கள்

நாடு விடுதலையடைந்த ஆறாவது வாரம், 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் பேராயர்களில் ஒருவராக நியூபிகின் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 37. மதுரை, ராமநாதபுரம் பகுதி அவருக்கு வந்தது. காஞ்சியில் கற்றதை அங்கே பெரிய அளவில் செய்து பார்த்தார்.

ஒரு சேரி மக்கள் கூட்டமாகச் சபையில் சேர விரும்பினால், அதற்கு முன்பெல்லாம் என்ன செய்வார்கள்? வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு ஒருவரை அனுப்புவார்கள். அவருக்கு வீடு, படி, மாதச் சம்பளம் வேண்டும். பணம் நின்றால் ஆளும் நின்றுவிடுவார். நியூபிகின் இதை மாற்றப் பார்த்தார். அந்த ஊரிலேயே மக்கள் ஏற்கெனவே யார் பேச்சைக் கேட்கிறார்களோ அவரைக் கண்டுபிடி, அவருக்குப் பயிற்சி கொடு, பொறுப்பை அவரிடமே விடு என்றார். அவர் விவசாயக் கூலியாக இருக்கலாம். தன் வேலையைச் செய்துகொண்டே சபையையும் நடத்தட்டும் என்பது எண்ணம்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஏழை ஊருக்குச் சம்பளமில்லாத ஊழியர், பணக்கார ஊருக்குப் பட்டம் பெற்ற ஆயர் என்று ஆகிவிட்டால் அதுவே புதுத் தீண்டாமை ஆகிவிடும். இன்றும் அரசுத் திட்டங்களில் 'தன்னார்வலர்' என்ற பெயரில் நம் இளைஞர்களைக் குறைந்த ஊதியத்தில் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே இந்த முறையை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளிருக்கும் கேள்வியை விடக் கூடாது: ஊரில் இருக்கும் ஆளை நம்புகிறோமா, இல்லையா?

சென்னைப் பேராயத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கிறார். ஒரு கிராமத்துக்கு இரண்டு வழிகள். பேராயர் தெற்கு வழியாகத்தான் வருவார் என்று சபையார் மாலை, மேளம், பழத்தட்டு சகிதம் அங்கே காத்திருந்தார்கள். அவரோ வடக்கு வழியாக வந்துவிட்டார். அங்கே வரவேற்க யாருமில்லை. விஷயம் தெரிந்ததும் கூட்டம் முழுவதும் அப்படியே திரும்ப வேண்டியதாயிற்று. மனம் திரும்புதல் என்றால் இதுதான் என்று அவர் பிற்பாடு விளக்கம் சொன்னார். நல்லது எந்தத் திசையிலிருந்து வரும் என்று நாமே முடிவு செய்துகொண்டு ஒரு பக்கமே பார்த்து நிற்கக் கூடாது. தலைவர் ஊர்த் தெருவிலிருந்துதான் வருவார் என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எழுபதில் மீண்டும் ஆயர்

இடையில் சில ஆண்டுகள் உலகத் திருச்சபை அமைப்புகளில் பணியாற்றிவிட்டு, 1965-ல் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்தார். 1974-ல் ஓய்வு பெற்றார். பேராயர் எப்படி ஊர் திரும்பினார் தெரியுமா? விமானத்தில் போகவில்லை. இரண்டு பெட்டிகள், முதுகில் ஒரு பை. கணவனும் மனைவியும் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கிடைத்த பேருந்துகளில் ஏறி ஏறித் தரை வழியாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

பிர்மிங்காமில் சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக இருந்தார். அதன் பிறகு, 70 வயதில், யாரும் எதிர்பார்க்காத வேலை ஒன்றை ஏற்றார். அந்த நகரத்தில் வின்சன் கிரீன் என்பது சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஏழைக் குடியிருப்பு. இந்தியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் குடியேறிய தொழிலாளர்கள் நிறைய இருந்த இடம். அங்கே இருந்த சின்னச் சபையை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. ஏழைகள் இருக்கும் இடத்தை விட்டுத் திருச்சபை போகக் கூடாது என்று சொல்லி, தானே அதன் ஆயராக அமர்ந்தார். 1980 முதல் 1988 வரை வீடு வீடாகப் போய் வந்தார். பஞ்சாபிலிருந்து வந்த இந்திய ஆயர் ஒருவரும் அவரோடு சேர்ந்து பணி செய்தார். இந்தியக் கிராமங்களில் சந்தித்த எதையும்விட இங்கிலாந்தில் சந்தித்த அலட்சியம் கடினமானது என்று நியூபிகின் எழுதினார். அவர் 1998 ஜனவரி 30-ம் தேதி காலமானார்.

பேராயர் பதவி வகித்தவர், உலகம் சுற்றியவர், கடைசியில் சிறைச்சாலைத் தெருவில் சைக்கிள் கடைக்காரரையும் முதிய விதவையையும் பார்க்கப் போகும் சாதாரண ஆயராக முடித்தார் என்றால், காஞ்சிச் சேரிகளின் தரையில் அவர் கற்றது வீண்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தீராத கணக்கு

ஒருவரைப் புகழ்ந்து முடித்துவிடுவது எளிது. ஆனால் நியூபிகின் போன்றவர்கள் காலத்திலும் தீராத கணக்குகள் இருக்கின்றன. மதம் மாறியும் சாதி மாறவில்லை. தனிக் கல்லறை, தனித் தெரு, திருமணத்தில் சாதி, பதவிக்கு வரும்போது சாதி என்று தமிழகத்தின் சபைகளுக்குள் தலித் மக்கள் நடத்திய போராட்டம் நீண்டது.

அரசின் கணக்கு இன்னொன்று. 1950-ம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரான தலித்துகளுக்கும் முஸ்லிம்களான தலித்துகளுக்கும் இன்னும் கதவு திறக்கவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஒரே தெரு, ஒரே கூலி, ஒரே அவமானம். சான்றிதழ் மட்டும் வேறு. மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. 2022-ல் மத்திய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது.

மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1974-ல் நியூபிகின் எழுந்துபோன அதே சென்னைப் பேராயர் நாற்காலியில், 1990-ல் தலித் சமூகத்தைச் சேர்ந்த எம். அசரியா அமர்ந்தார். தலித் கிறித்தவர்களின் உரிமைக்காக நாட்டிலும் வெளிநாட்டிலும் பேசியவர் அவர். சேரியில் இருந்தே தலைவர் வரட்டும் என்பது அன்று ஒரு ஆசிரியரின் ஆசை. அது கைகூட எத்தனை பேரின் உழைப்புத் தேவைப்பட்டது என்பதை நினைக்க வேண்டும். ஓலைக் கொட்டகை வாத்தியார்கள், தறிக்கும் வயலுக்கும் போகாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள், தனி பெஞ்சில் உட்கார மறுத்த சிறுவர்கள் என்று அந்த வரிசை நீளும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் காலனிகளில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நம் தெருவில் முதல் பள்ளிக்கூடம் எந்த இடத்தில் இருந்தது? முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் யார்? முதலில் எட்டாம் வகுப்பு முடித்தவர் யார்? அதற்காக அந்தக் குடும்பம் எதை இழந்தது? பதில்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியரின் கதை புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது. நம் வாத்தியார்களின் கதை அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.